64 ஸ்கர்ட்டுகளும் நிற்காத மடிப்பும்: குன்னூர்த் தையலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூரில் ஐந்து மிஷின் வைத்து நடக்கும் ஒரு சிறு தையலகத்தில் நடந்தது இது. நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர். அங்கே எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் ப்ளீட் (துணி மடிப்பு) பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். தைப்பதற்கு நான்கு பெண்கள். இஸ்திரி போடவும் ஓட்டுத் தையல் (பின்னால் உருவிவிடும் தற்காலிகத் தையல்) போடவும் எஸ்டேட் லைனிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, வரும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. நான் பல வருஷம் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த நால்வரில் இருவர் என்னிடம் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் சிக்கல் வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

வேலை, விடுதியுள்ள ஒரு பள்ளியின் குளிர்காலச் சீருடை. கருநீலத்தில் 132 ஸ்கர்ட், சுற்றிலும் ஒரே பக்கம் சாயும் நைஃப் ப்ளீட். துணியைப் பள்ளியே வாங்கிக் கொடுத்துவிட்டது: 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை), 58 இஞ்ச் அகலம். ஸ்கர்ட்டை இரண்டு தவணையாகக் கொடுப்பது என்று பேச்சு.

நைஃப் ப்ளீட்டின் கணக்கு தெரியாமல் பின்னால் வருவது புரியாது. வெளியே தெரியும் மடிப்பு 1 இஞ்ச் என்றால் உள்ளே மறைவது 2 இஞ்ச். ஆக மூன்று பங்கு துணி. இடுப்பு 26, இடுப்புக்குக் கீழே சுற்றளவு தளர்ச்சியோடு 34 என்று வரும் ஒரு பெண்ணுக்கு 34 மடிப்பு. 34ஐ மூன்றால் பெருக்கினால் 102, தையலுக்கு 2 சேர்த்து 104 இஞ்ச். இரண்டு அகலத் துணியைச் சேர்த்துத் தைத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். சேர்ப்புத் தையல் உள் மடிப்பின் மூலையில் ஒளிந்துகொள்ள வேண்டும். 34ஐ 26 ஆக்க 8 இஞ்ச் குறைக்க வேண்டுமே, அதை ஒரே இடத்தில் டக் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு மடிப்பையும் மேலே கால் இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக இன்னும் உள்ளே தள்ள வேண்டும். 34 இடத்திலும் அதே அளவு. ஓரிடத்தில் நூலளவு கூடினாலும் இடுப்புப் பட்டி வைக்கும்போது கணக்கு இடிக்கும். இதையெல்லாம் அக்கா மிக நன்றாகச் செய்திருந்தார். வெட்டிலோ தையலிலோ எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தவணைகள்

முதல் 68 ஸ்கர்ட் செப்டம்பரில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்தது. வெயில் இருந்தது. மின்சார இஸ்திரிப் பெட்டியில் ஈரத்துணி போட்டு அழுத்தி, மேலே பலகை வைத்து, மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். பலகை வைத்ததற்குத் தனிக் காரணம் ஒன்றுமில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அப்படியே விட்டுப் போவது வழக்கம், அவ்வளவுதான்.

அக்டோபர் பிற்பாதியில் நிலைமை மாறிவிட்டது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கில் நனையும். அந்த வருஷம் மழை தொடங்கியதும் நாள் கணக்கில் மிஸ்ட் விலகவில்லை. கரன்ட் அடிக்கடி போனது. தீபாவளி ஜாக்கெட் வேலையும் கூடவே வந்து குவிந்தது. மீதி 64 ஸ்கர்ட்டை நவம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அப்போது அக்காவுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஞாபகம் வந்தது. அங்கே ப்ளீட்டை இஸ்திரியில் அழுத்துவதில்லை. தடித்த காகிதத்தை மடித்து அச்சு செய்து, இரண்டு அச்சுக்கு நடுவில் துணியைப் படுக்க வைத்துச் சுருட்டிக் கட்டி, ஆவிப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அக்கா பிரவுன் காகிதத்தில் அச்சு மடித்தார். பெரிய அண்டாவில் இட்லித் தட்டு மாதிரி ஒன்றைப் பொருத்தி, கேஸ் அடுப்பில் வைத்து, இஸ்திரி போடும் பெண்ணிடம் ஒவ்வொரு கட்டையும் 20 நிமிஷம் அவிக்கச் சொன்னார். எடுத்ததும் அச்சைப் பிரித்து, துணியைக் கொடியில் தொங்கவிட்டு, அடுத்ததை உள்ளே வைத்தார்கள். காய்ந்த மாதிரி தெரிந்ததும் பட்டி வைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த அன்று பார்த்தவர்கள், முதல் தவணையைவிட இது கூர்மையாக இருக்கிறது என்றார்களாம்.

கவனித்தவை

பத்து நாளில் விடுதி வார்டனிடமிருந்து போன் வந்தது. ஒரு துவைப்பிலேயே மடிப்பு போய்விட்டது என்றார். அக்காவோடு நானும் போனேன்.

துணி மடிக்கும் அறையில் ஸ்கர்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. சில ஒழுங்காக இருந்தன, சில பாதி விரிந்த குடை மாதிரி அகன்று நின்றன. எது எந்தத் தவணை என்று பிரிக்க ஒரு வழி இருந்தது. முதல் தவணையில் பட்டியின் உள்பக்கம் கறுப்பு நூல், அது தீர்ந்துபோனதால் இரண்டாவதில் கருநீல நூல். ஒவ்வொன்றாகப் பட்டியைப் புரட்டிப் பார்த்தோம். அகன்று நின்றதெல்லாம் கருநீல நூல். இரண்டையும் துவைத்தது ஒரே இடத்தில், ஒரே சோப்பில், ஒரே தண்ணீரில். அதனால் துவைப்பின் மேல் பழி போட முடியவில்லை.

பிள்ளைகள் பாவம், அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். ராத்திரி மடிப்பை ஒழுங்குபடுத்தி மெத்தைக்கு அடியில் வைத்துப் படுப்பது அதில் ஒன்று. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, துவைக்கப் போடும் முன் கீழ் விளிம்புக்கு மேலே சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு மடிப்புகளைக் கட்டிவிட்டிருந்தாள். அவளுடையதும் கருநீல நூல்தான், ஆனால் மற்றவற்றைவிட நன்றாக நின்றது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "எங்க பாட்டி டெய்லர் மிஸ்" என்றாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதில் இருந்த பதிலை அன்று நான் கவனிக்கவில்லை.

முதலில் யார் மேல் பழி விழுந்தது

தையலகத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் இஸ்திரி போடும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவள்தான் கட்டுகளை அவித்தவள், பிரித்தவள். நானும், "நல்லா இறுக்கிக் கட்டினியா கண்ணு?" என்றுதான் முதல் கேள்வி கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அவளுடைய ஒரு வாரக் கூலியைப் பிடிப்பதாகப் பேச்சு நடந்து முடிந்திருந்தது என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னபடி செய்தவளிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கைக்கு அடுத்து, துணி மேல் சந்தேகம் வந்தது. இரண்டாம் தவணைக்கு வேறு தான், அதாவது வேறு துணிச் சுருள், பிரித்திருந்தார்கள். கீழ் மடிப்பிலிருந்து இரண்டு தானின் நூலையும் நெடுக்கிலும் குறுக்கிலும் உருவி, தனித்தனியாகத் தீயில் காட்டினேன். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறினால் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். இரண்டு தானிலும் ஒரே மாதிரி மணியும் கொஞ்சம் சாம்பலும் மிஞ்சின. பங்கு எவ்வளவு என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று பாலியஸ்டர், இன்னொன்று வெறும் விஸ்கோஸ் என்ற ஏமாற்று இல்லை என்பது தெரிந்தது.

மீதி இருந்தது ஆவி. "கோயமுத்தூர்ல இதே மாதிரிதானுங்களே பண்ணோம் டீச்சர், அங்க ஒண்ணுகூடத் திரும்பி வரல" என்றார் அக்கா. அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த ஆவி வேறு. கம்பெனியின் பெட்டி பாய்லரோடு சேர்ந்தது. அழுத்தத்தில் வரும் ஆவி 100 டிகிரிக்கு மேலே போகும். எங்கள் அண்டா திறந்த பாத்திரம். அதிலும் மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்: குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்திலிருந்து வார்டன் வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டரை ஆவியில் பிடித்தோம். 94 டிகிரியில் நின்றது. அரை மணி நேரம் எரித்தும் அதற்கு மேல் ஏறவில்லை. பருப்பு வேக ஏன் இங்கே இத்தனை நேரம் ஆகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அதைத் துணியோடு சேர்த்து யோசிக்கவில்லை.

சோதனை

சரி, உயரம்தான் காரணம் என்று முடித்துவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தவணைக்கும் நடுவில் ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்கள் மாறியிருந்தன. இரண்டாம் தானின் மிச்சத்தில் 30 இஞ்ச் துண்டு நான்கு வெட்டி, நான்கையும் 10 இஞ்சுக்கு மடித்தோம். ஒன்றை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து உடனே எடுத்தோம். இன்னொன்றை அதே போல இஸ்திரி செய்து, ராத்திரி முழுக்கப் பலகைக்கு அடியில் வைத்தோம். மூன்றாவதை 20 நிமிஷம் அவித்து உடனே பிரித்தோம். நான்காவதை அவித்து, அச்சைப் பிரிக்காமல் காயும்வரை அப்படியே விட்டோம். பிறகு நான்கையும் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, பிழியாமல் தொங்கவிட்டோம். அந்த மிஸ்டில் காய இரண்டு நாள் பிடித்தது.

அவித்து உடனே பிரித்தது 22 இஞ்சுக்கு அகன்றுவிட்டது. இஸ்திரி செய்து உடனே எடுத்தது 17. அவித்து அச்சிலேயே காய்ந்தது 14. இஸ்திரி செய்து பலகைக்கு அடியில் ஆறியது 11.

நான்கு துண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அறையில் யாரும் பேசவில்லை. சூடு குறைவு என்பதும் காரணம்தான். ஆனால் அதே 94 டிகிரி ஆவியில் வைத்த இரண்டு துண்டுக்குள் 22க்கும் 14க்கும் உள்ள வித்தியாசம் ஆறவிட்டதால் மட்டுமே வந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்: "எங்கம்மா பட்டுப் புடவைய வருஷத்துக்கு ரெண்டு தடவ மடிப்பு மாத்தி வைன்னு சொல்லும். வெச்ச மடிப்புலயே கிடந்தா அப்படியே நின்னுரும்னு." சூடே காட்டாத புடவையிலும் கிடந்த காலம் மடிப்பை நிறுத்திவிடுகிறது. விசிறி மடிப்பு அங்கவஸ்திரமும் அதே வழிதான். பருத்தித் துணியை ஈரத்தோடு மடித்து, இறுக்கிவைத்து, காயவிடுவார்கள். ஒரு தடவை துவைத்தால் போய்விடும், ஆனால் அதுவரை கத்தி மாதிரி நிற்கும்.

ஏன் இப்படி

துணியின் இழைக்குள் இருக்கும் பிடிப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் தளர்கின்றன. துணி ஆறி, காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடி இறுகுகின்றன. இஸ்திரி பழைய வடிவத்தை மறக்க வைக்கிறது, புதிய வடிவம் ஆறும்போதுதான் உட்காருகிறது. சூடும் ஈரமுமாக அச்சிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டால், துணி தொங்கும் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும்.

பாலியஸ்டர் 70, 80 டிகிரியில் இளகத் தொடங்கும், 260 டிகிரி அருகே உருகும். மில்லில் அதன் வடிவத்தை நிலைக்கச் செய்வது 180 முதல் 200 டிகிரி வரையிலான சூட்டில். 94 டிகிரியில் அது இளகும், ஆனால் அந்தச் சூட்டில் பிடித்த பிடி உறுதியானது அல்ல. இன்னொரு பக்கம் விஸ்கோஸ். பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீதம்கூடக் காற்றின் ஈரத்தை ஏற்காது. விஸ்கோஸ் சாதாரண நாளிலேயே 11 முதல் 13 சதவீதம் வரை குடித்துக்கொள்ளும், மிஸ்ட் நாளில் இன்னும் அதிகம். கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த ஸ்கர்ட்டுக்குள் விஸ்கோஸ் இன்னும் ஈரமாகவே இருந்திருக்கிறது. ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993இல் கொண்டுவந்த ப்ளீட் உடைகளில், பெரிதாகத் தைத்த ஆடையையே காகிதத்துக்கு நடுவில் வைத்து மடித்து அழுத்திச் சூடாக்குவார்கள். அதற்கு அவர் பாலியஸ்டரை எடுத்துக்கொண்டது சும்மா அல்ல.

இஸ்திரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை நான் வகுப்பில்கூடச் சரியாகச் சொன்னதில்லை. ஈரத்துணி மேல் பெட்டியை வைத்ததும் சீறும். அந்தச் சீறல் இருக்கும்வரை அடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, துணியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. சீறல் நின்ற பிறகுதான் சூடு ஏறும். பெரும்பாலானவர்கள் சீறும்போதே பெட்டியை நகர்த்திவிடுவோம். அந்தப் பெண் முதல் தவணையில், யாரும் சொல்லாமலே, சத்தம் நிற்கும்வரை வைத்திருந்தாள். "சத்தம் நின்னாதான் ஆச்சுன்னு தோணும்" என்றாள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கூலி பற்றியது. அக்கா அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு, பிடித்த பணத்தைக் கையில் கொடுத்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே செய்தார்.

64ஐயும் திரும்ப வாங்கி, காசு கேட்காமல் மறுபடி மடிப்பு வைப்பது என்று முடிவானது. உள் மடிப்பின் விளிம்பில் ஓரத் தையல் போட்டுவிட்டால் மடிப்பு எந்தக் காலத்திலும் வழி தவறாதே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் 64 ஸ்கர்ட்டுக்கு 34 மடிப்பு என்று வைத்தால் 2,176 தையல், ஒவ்வொன்றும் இருபது இஞ்சுக்குக் குறையாது. இருந்த நாட்களில் அது நடக்காது. அதனால் அதிகம் இழுபடும் ஜிப் பக்கத்து இரண்டு மடிப்புக்கு மட்டும் ஓரத் தையல் போட்டோம். வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்து அழுத்தச் சொல்வார்கள். ஒரு துண்டில் செய்து பார்த்தோம், எங்கள் துணியில் வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

வேலை இப்படி நடந்தது. ஸ்கர்ட்டைத் துவைத்துக் காயவைத்து, பலகையில் விரித்து, மெல்லிய நூலால் இரண்டு வரிசை ஓட்டுத் தையல். குண்டூசியை இஸ்திரிக்கு முன் எடுத்துவிட வேண்டும், அதன் தடம் பதிந்தால் போகாது. ஒவ்வொரு மடிப்புக்கும் அடியில் பிரவுன் காகிதப் பட்டை. இல்லாவிட்டால் உள் விளிம்பின் கோடு மேல் துணியில் தெரியும். உள்பக்கம் முதலில், பிறகு வெளிப்பக்கம். கருநீலத்தில் நேரடியாகப் பெட்டி பட்டால் பளபளப்பு ஏறிவிடும் என்பதால் பழைய வேட்டித் துணி நடுவில். தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும், சீறல் நிற்கும்வரை. எடுத்த அந்த நொடியே மேலே பலகை. பலகைகள் பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட். மரம் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் துணி சுற்றிய செங்கல்.

கரன்ட் இல்லாத நேரத்துக்குக் கரி இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்கினோம். காயவைக்க அறைக்குள் கரி அடுப்பு வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கதவைச் சாத்திக் கரி மூட்டினால் உயிருக்கே ஆபத்து, அதனால் கூடவே கூடாது என்றேன். பக்கத்தில் வர்க்கி போடும் பேக்கரி இருந்தது. அடுப்புச் சுவருக்குப் பின்னால் மாவு மூட்டை வைக்கும் அறை ராத்திரியும் கதகதவென்று இருக்கும். கேட்டதும் அந்த அண்ணன் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பலகைகளை அங்கேதான் அடுக்கினோம்.

முதல் நாள் ஒரு தப்பு நடந்தது. இடம் மிச்சம் என்று ஒரு பலகைக்கு அடியில் மூன்று ஸ்கர்ட் வைத்தோம். கீழே இருந்த இரண்டிலும் மேலே இருந்ததன் வரிகள் பதிந்துவிட்டன. அவற்றைத் திரும்ப நனைத்து ஆரம்பத்திலிருந்து செய்தோம். அப்புறம் ஒரு பலகைக்கு ஒன்றுதான். பலகை ஆறு, அதனால் ஒரு நாளைக்கு ஆறு ஸ்கர்ட்.

பின்னர் நடந்தது

டிசம்பர் விடுமுறைக்கு முன் எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம் வைத்தோம்: துவைக்கும் முன் கீழே ஒரு சுற்று ஓட்டுத் தையல் போடவும், முறுக்கிப் பிழிய வேண்டாம், காய்ந்த பிறகு நூலை உருவவும். அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் பாட்டி சொன்ன வழிதான் அது. ஈரத்தில் தளரும் மடிப்பு, காயும்வரை கலையாமல் இருந்தால் போதும். வார்டன் அவளையே கூப்பிட்டு மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னாராம்.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். 64இல் 58 ஒழுங்காக இருந்தன. தளர்ந்த ஆறும் ஓட்டுத் தையல் போடாமல் துவைத்தவை. அவற்றையும் வாங்கி வந்து மறுபடி வைத்துக் கொடுத்தோம். பள்ளி அடுத்த வருஷ வேலையையும் இங்கேயே கொடுத்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அக்காவுக்குப் பெரிய நஷ்டம். தீபாவளியில் வந்த காசு அதிலேயே கரைந்துவிட்டது.

இனி மாற்றுவது

வடகிழக்கு மழைக்குள் முடிக்க வேண்டிய ப்ளீட் வேலையை அக்கா இனி ஆகஸ்டிலேயே தொடங்குவார். பள்ளியிடம், பாலியஸ்டர் பங்கு குறையாத துணியாகவும் எல்லாம் ஒரே தானாகவும் வாங்கித் தரக் கேட்டிருக்கிறார். புதிய முறை எதுவானாலும் முதலில் ஒரு ஸ்கர்ட் மட்டும், அதையும் துவைத்துப் பார்த்த பிறகுதான் மீதி. கொடுத்த அன்றைய கூர்மையை வைத்து ப்ளீட்டை மதிப்பிடக் கூடாது என்று நானும் என் பாடக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். ஓரத் தையலை வெட்டும்போதே திட்டமிட்டால் கூலியில் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பள்ளி இன்னும் சம்மதிக்கவில்லை.

இப்போது ஆவி அண்டா பரணில் இருக்கிறது. பலகைகள் பன்னிரண்டாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் வைத்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதுவது அந்தப் பெண்ணின் பொறுப்பு. அவள் எழுதிய நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் ஆகாமல் எந்தப் பலகையையும் யாரும் தூக்கக் கூடாது, அக்காவாக இருந்தாலும்.